வெர்னா ஏறிய படகு

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லு, எல்வுட். நான் ஆம்பளைன்னா திங்கக்கிழமை படகுல ஏறுவேன். பொம்பளைன்னா இந்த நிமிஷத்துலேர்ந்து தங்கச்சின்னு சொல்லு. ரெண்டும் இல்லேன்னு சொல்லிட்டு நீ மட்டும் நியாயவான் மாதிரி நிக்காதே."

வெர்னா இதைச் சொன்னபோது அவள் கையில் சாயத் தூரிகை இருந்தது. இறால் கூண்டுகளின் மிதவைகளுக்கு ஆரஞ்சும் வெள்ளையும் அடித்துக்கொண்டிருந்தார்கள். தூரிகையை ஆட்டிப் பேசியதில் அண்ணன் எல்வுட்டின் சட்டையில் இரண்டு சொட்டு ஆரஞ்சு விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்," என்றான். "கூண்டு இறக்குற அன்னிக்குப் பொம்பளை வாடை நம்ம படகுல கூடாது. அப்பா இருந்தவரைக்கும் அப்படித்தான். அவரு போனப்புறமும் அப்படித்தான்."

"அப்ப நான் பொம்பளை."

"நான் அப்படிச் சொல்லலை."

"அப்ப ஏறுவேன்."

"பாவாடையக் கட்டிக்கிட்டு ஊர் முழுக்கச் சுத்திட்டு, இப்ப ஏறுவேன்னா எப்படி?"

மூலையில் கயிறு முடிந்துகொண்டிருந்த கோர்டி, அந்தப் படகின் மூன்றாவது ஆள், மெல்லச் சொன்னான்: "அரை நாளைக்கு ஏத்திட்டு அரை நாளைக்கு இறக்கி விட்ருவோம்." இரண்டு பேருமே அவனை முறைத்தார்கள். அவன் மறுபடியும் முடிச்சுக்குத் திரும்பினான்.

நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில் நவம்பர் கடைசித் திங்களன்றுதான் சிங்கி இறால் பருவம் தொடங்கும். விடியும்போது எல்லாப் படகும் கூண்டுகளை மலையாக அடுக்கிக்கொண்டு வரிசையாகப் புறப்படும். இவர்கள் ஊரான கிராண்டி முனையில் அன்றைக்கு ஒரு பழக்கம் இருந்தது. பெண்கள் படகைத் தொட மாட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியையும் தேநீர்க் குடுவையையும் கையில் நீட்ட மாட்டார்கள். கயிறு கட்டும் கட்டையின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள், ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். மற்றப் படகுக்காரர்கள் இதை எப்போதோ விட்டுவிட்டார்கள். ஒரு படகுக்குத் தலைவரே பெண். எல்வுட் மட்டும் விடவில்லை. அவன் பிடிவாதம் அவன் அப்பனுடையது. அப்பனுக்கு அது யாரிடமிருந்து வந்ததோ, நல்ல இடத்திலிருந்து வந்திருக்காது.

அந்தப் படகில் வெர்னா முப்பத்திரண்டு வருடம் போனாள். அப்போது அவளுக்கு வேறு பேர். அந்தப் பேர் இங்கே தேவையில்லை. அவள் கழற்றிப் போட்டதை நாம் எடுத்து மாட்ட வேண்டியதில்லை.

சின்ன வயதிலேயே தெரியும் அவளுக்கு. தெரிந்தது என்ன என்று சொல்லத்தான் வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பையன்கள் எல்லாம் வெளியே ஓடும்போது இவள் கால் சமையலறைப் பக்கம் போகும். போன காலைத் திருப்பிக்கொண்டு வருவாள். பதினைந்து வயதில் குரல் உடைந்தபோது இரண்டு மாதம் பேசவே இல்லை. தொண்டைப்புண் என்று அம்மா தேன் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாடி வந்தது. கண்ணாடியைப் பார்க்காமலே மழிக்கப் பழகினாள். குடும்பப் படம் ஒன்றிலும் அவள் கிடையாது. கேமராவை அவளே பிடித்துக்கொள்வாள். அவளுக்குப் பிடித்தது குளிர்காலம். ரப்பர் சட்டை, ரப்பர் கால்சட்டை, கம்பளித் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டால் எல்லோரும் ஒரே மூட்டை. மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும், மூக்கில் ஆண் என்ன பெண் என்ன. கோடை வந்தால் மனுஷிக்கு மூச்சு முட்டும்.

சனிக்கிழமை குடிப்பாள். கல்யாணம் வேண்டாம் என்றாள். ஊர் என்ன நினைத்ததோ நினைத்துக்கொண்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி, கூண்டுக் கயிறு அவள் பூட்ஸில் சுற்றிக்கொண்டு ஆளைக் கடலுக்குள் இழுத்துவிட்டது. கூண்டு கீழே போகிறது, அவளும் போகிறாள். அந்தக் குளிரில் நெஞ்சு நின்றுவிடும். அவளுக்குச் சாவைப் பற்றிப் பயம் வரவில்லை. வந்த நினைப்பு வேறு: கல்லறையில் அந்தப் பேரைச் செதுக்கிவிடுவார்கள். மழையும் வெயிலும் அதை அழிக்க இருநூறு வருடம் ஆகும்.

பூட்ஸ் கழன்று அவள் மேலே வந்தாள். எல்வுட் கொக்கித் தடியால் அவள் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டான். போட்டுவிட்டு அறைந்தான், மூச்சு வருகிறதா என்று பார்க்க. இரண்டாவது அறை கோபத்தில். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். அதை அவன் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டான், கோர்டி பார்த்திருக்கிறான்.

வெர்னா முதலில் சொன்னது எல்வுட்டின் மனைவி மேவிஸிடம். மேவிஸ் அப்போது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொம்பளை, மேவிஸ். எப்பவுமே அதுதான். இனிமே மறைக்க முடியாது."

மேவிஸ் இன்னொரு கத்தியை எடுத்து நீட்டினாள். "சரி. அந்தப் பாதியை நீ உரி. தோலைத் தடியா சீவாதே, உன் அண்ணன் மாதிரி."

அவ்வளவுதான். அந்த உருளைக்கிழங்குக்காக வெர்னா சாகும்வரை நன்றியோடு இருப்பேன் என்பாள்.

பிரிட்ஜ்வாட்டர் நகரத்து மருத்துவமனைக்கு மேவிஸ்தான் வண்டி ஓட்டினாள். அங்கே ஒரு நர்ஸ், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டவள், கேட்டாள்: "உள்ளே கூப்பிடும்போது எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்மா?" வெர்னா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஐம்பத்தொரு வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. மருத்துவர் நிறையப் பேசினார், இரத்தம் எடுத்தார், மறுபடி வரச்சொன்னார், பிறகு மாத்திரை கொடுத்தார். அறுவை செய்துகொள்கிறவர்கள் உண்டு. மாத்திரையோடு நிற்கிறவர்கள் உண்டு. பேரையும் உடுப்பையும் மாற்றிக்கொண்டு அதோடு நிம்மதியாகிறவர்களும் உண்டு. யாருக்கு எவ்வளவு என்பது அவரவரும் மருத்துவரும் பேசிக்கொள்வது, பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற கேள்வி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள்.

கோர்டியும் கேட்டான். "அப்போ உனக்கு இனிமே ஆம்பளையைப் பிடிக்குமா?"

"அது வேற சங்கதிடா. நான் யாருங்கிறது ஒண்ணு, எனக்கு யாரைப் பிடிக்கும்கிறது இன்னொண்ணு. எப்படியும் உன்னைப் பாத்தப்புறம் எவளுக்கும் ஆம்பளையைப் பிடிக்காது."

இரண்டு வருடம் தொளதொளச் சட்டைக்குள் எல்லாம் நடந்தது. குடி நின்றது. தூக்கம் வந்தது. இந்த வருடம் ஜூலையில் தேவாலயத்து ஸ்ட்ராபெரி விருந்துக்கு நீலப் பாவாடை கட்டிக்கொண்டு போய், "என் பேர் வெர்னா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். நாலு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் கிரீம் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்கள். எல்வுட் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அன்றிலிருந்து அவளை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. "ஏய்" என்பான். அல்லது தொண்டையைச் செருமுவான்.

இப்போது நவம்பர். சாயம் அடித்த சனிக்கிழமைச் சண்டைக்குப் பிறகு, பெண் தலைவியாக இருக்கும் படகிலிருந்து ஆள் வந்து கேட்டான்: எங்களோடு வருகிறாயா? வெர்னா வேண்டாம் என்றாள். சம்பளத்துக்கு அவள் அலையவில்லை. அவளை உயிரோடு இழுத்துப் போட்ட படகு எல்வுட்டினுடையது. அதில் இடம் இல்லையென்றால் தனக்கு அந்த வீட்டிலேயே இடம் இல்லை என்று அர்த்தம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அவன் இல்லேன்னு சொல்லட்டும்," என்றாள் மேவிஸிடம். "வாயைத் திறந்து ஏதாவது ஒண்ணு சொல்லட்டும். நான் கெஞ்ச மாட்டேன்."

திங்கட்கிழமை விடியலில் படகுத்துறை முழுக்க ஜனம். பாதிரியார் கம்பளிக் குல்லாயோடு வந்து கடலுக்கும் படகுகளுக்கும் ஜெபம் செய்தார். குளிரில் அவர் சுருக்கமாக முடித்ததற்கு எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எல்வுட்டும் கோர்டியும் படகில் இருந்தார்கள், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, இருநூற்றைம்பது கூண்டு பின்பக்கம் ஏறியிருந்தது. வெர்னா ரப்பர் உடுப்பு, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தாள். வந்து, படகுப் பக்கம் போகாமல் பெண்கள் வரிசையில் மேவிஸ் பக்கத்தில் நின்றாள். சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டையின் மேல் வைத்தாள். தள்ளி நின்றாள்.

எல்வுட் படகு ஓட்டும் அறையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தான். அவன் நினைத்திருந்தது வேறு. பழைய தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சத்தம் போடாமல் ஏறிவிடுவாள், தானும் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். அதனால்தான் வேறு ஆளைத் தேடவே இல்லை. இரண்டு பேர் அத்தனை கூண்டை இறக்க முடியாது.

முதல் படகு போனது. இரண்டாவது போனது.

"அடுத்தது நாம," என்றான் கோர்டி.

"எனக்குத் தெரியும்."

"நான் ஒருத்தனே தள்ளுறதுன்னா ஈஸ்டர் ஆயிடும்."

"வாயை மூடு."

பின்னால் நின்ற படகு ஒலியெழுப்பியது. மேவிஸ் கையைக் கட்டிக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்விடுவான், என்னை விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று மட்டும் அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எல்வுட் பக்கத்துக் கதவைத் திறந்து தலையை நீட்டினான். தங்கையைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துக் கத்தினான், துறை முழுக்கக் கேட்கிற மாதிரி.

"மேவிஸ், உன் நாத்தனார் என்ன வேடிக்கையா பாக்குறா? கயித்தை அவுத்துவிட்டு ஏறச் சொல்லு."

மேவிஸ் திரும்பி, "காதுல விழுந்துச்சா?" என்றாள்.

"விழுந்துச்சு," என்றாள் வெர்னா. கயிற்றை அவிழ்த்தாள். கை மரத்துப்போயிருந்தது, முடிச்சு இரண்டு தடவை வழுக்கியது. படகில் குதித்தபோது கட்டையின் மேலிருந்த சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டாள். மேவிஸ் அதை எடுத்து நேராக அவள் கையில் கொடுத்தாள், ஒரு காலைப் படகின் விளிம்பில் ஊன்றிக்கொண்டே. எல்வுட் பார்த்தான். அவள் காலை எடுத்ததும் படகைக் கிளப்பினான்.

நாலாம் நாள் காற்று அடித்துப் பதினொரு கூண்டு போனது.

"பொம்பளை ஏறினா இப்படித்தான்," என்றான் கோர்டி, சிரித்துக்கொண்டு.

"பக்கத்துப் படகுல நாலும் ஆம்பளை, அங்க பத்தொம்பது போச்சு," என்றான் எல்வுட். "கதை பேசாம கூண்டுல இரை மீனைக் குத்து."

இறால் சுமாராகக் கிடைத்தது, எல்லோருக்கும் கிடைத்த மாதிரி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் வெர்னா அவனிடம் நன்றி சொல்லப் பார்த்தாள். படகைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எல்வுட், நீ அன்னிக்கு..."

"அந்தப் பக்கம் இன்னும் இரை மீன் செதில் இருக்கு பாரு."

"அன்னிக்கு என்னைக் கூப்பிட்டதுக்கும், அதுக்கு முன்னால தண்ணியிலேர்ந்து..."

"தங்கச்சின்னு ஒருத்தி வந்தா இவ்ளோ பேசுவான்னு தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பேன்," என்றான். குழாயை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டான். வெர்னா அங்கேயே நின்று, செதிலைத் தேய்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதாள். தண்ணீரோடு தண்ணீராகப் போயிற்று.

அந்தப் படகில் கழிப்பறை கிடையாது. அறையின் மூலையில் ஒரு வாளி. ஆண்கள் அதையும் தேட மாட்டார்கள், விளிம்பே போதும். பருவம் தொடங்கியதிலிருந்து வெர்னா தேநீர் குடிப்பதையே குறைத்திருந்தாள். யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. புத்தாண்டு கழிந்து எஞ்சினுக்கு ஒரு பெல்ட் வாங்க எல்வுட் பிரிட்ஜ்வாட்டர் போனான். மறுநாள் காலை அவள் படகில் ஏறியபோது மூலையில் வாளியைச் சுற்றிக் கம்பி வளைத்து, குளியலறைத் திரை ஒன்று தொங்கியது. மஞ்சள் வாத்து போட்டது.

"யாராவது எட்டிப் பாத்தா கடல்ல தள்ளிருவேன்," என்று கோர்டியிடம் சொல்லிவிட்டு எல்வுட் எஞ்சினைத் திருகினான்.

வெர்னா அன்றைக்கு மூன்று கோப்பைத் தேநீர் குடித்தாள். திரையின் விலைச்சீட்டை அவன் பிய்க்க மறந்திருந்தான். ஐந்து டாலர். வளையங்கள் தனி, ஒன்றரை.