கதவு டூட்டியும் ஒரு சிம்பொனியும்

வளைகுடாவில் அல் கூஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து என்னை ஒரு ஹோட்டல் அரங்கத்துக்கு மூன்று நாள் டூட்டிக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டு வாத்தியக் குழு ஒன்று பழைய காலத்துச் சிம்பொனி வாசிக்க வந்திருந்தது. வாசிக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மட்டும் திறந்து, தாமதமாக வந்தவர்களை உள்ளே விட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. இதற்கு ஒரு ஆளா என்று சிரிப்பு வந்தது.

ஒத்திகையின் முதல் நாளே மாட்டிக்கொண்டேன். இருபது வயலின்கள், ஊதுகிறவர்கள் சிலர், ஓரத்தில் இரண்டு பெரிய முரசுகளோடு ஒருவர். எல்லாரும் சேர்ந்து ஓங்கி மூன்று அடி அடித்து நிறுத்தினார்கள். முடிந்தது என்று திறந்துவிட்டேன். முடியவில்லை. பூனை நடப்பது போல வயலின்கள் மெல்ல மறுபடி ஆரம்பித்தன. "பாய், உனக்குக் காது இல்லையா?" என்றார் சூப்பர்வைசர் ஹிந்தியில்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கவனித்துக் கேட்டேன். அந்த இசையில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் ஒரு மெட்டு, அதற்குப் பதில் போல மென்மையாக இன்னொன்று. பிறகு இரண்டையும் கலைத்து எங்கெங்கோ அலையவிட்டு, கடைசியில் முதல் மெட்டை வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், எந்த அடி உண்மையான முடிவு என்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் கச்சேரி. அன்று மதியம் மதுரையில் அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். என் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். அதே கேம்பில் இருந்த அண்ணனிடம், "நல்ல சேதின்னா செக்யூரிட்டி நம்பருக்குப் போன் போட்டுச் சொல்லிருண்ணே" என்று சொல்லியிருந்தேன்.

முதல் பகுதி தொடங்கிய சற்று நேரத்தில், கதவுக் கண்ணாடிக்கு வெளியே அண்ணனே வந்து நின்றான். கட்டட சைட் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன் வராமல் ஆளே வந்தால் என்ன சேதி என்று எனக்குத் தெரியாதா?

முதல் மெட்டும் பதில் மெட்டும் முடிந்தன. இனி அந்த அலைச்சல், பிறகு முடிவு, பிறகு நான் கதவைத் திறந்தாக வேண்டும். ஆனால் அவர்கள் முதலிலிருந்தே மறுபடி ஆரம்பித்தார்கள். ஒத்திகையில் அப்படி வாசிக்கவே இல்லை. அந்தக் காலத்துச் சிம்பொனியில் முதல் பாதியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லி எழுதியிருக்கும், ஒத்திகையில் நேரம் போதாமல் விட்டுவிட்டோம் என்று முரசுக்காரர் பிற்பாடு சொன்னார். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. அதே மெட்டு, ஒன்றுமே நடக்காதது போல வந்தது. கடவுளே, இன்னும் ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டேன். இது முடிகிற வரை யாரும் என்னிடம் எதுவும் சொல்ல முடியாது. அதுவரை அம்மா இருக்கிறாள்.

அலைச்சலும் முடிந்து மூன்று அடி விழுந்தது. உண்மையான முடிவு. கதவைத் திறந்தேன். தாமதமாக வந்த ஒரு தம்பதி நன்றி சொல்லி உள்ளே போனார்கள். அண்ணன் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினான்.

கேம்புக்குத் திரும்பும்போது, தன்னைப் பார்த்தும் ஏன் திறக்கவில்லை என்று கேட்பான் என நினைத்தேன். ரூல் அப்படி என்று பதிலும் வைத்திருந்தேன். ஆனால் அவன் சொன்னது வேறு.

"உள்ள வாசிச்சாங்களே, அது இன்னும் கொஞ்சம் நீளமா இருந்திருக்கக் கூடாதாடா."