நியாஹராவாவின் அரை மணி நேரம்

மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு என் இரட்டைச் சகோதரி லுசுங்கு இறந்துபோன செய்தி வந்தபோது, நியாஹராவா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த கைப்பேசி அதிர்ந்தது. காதில் வைத்தார். "ம்" என்று இரண்டு முறை சொன்னார். திரும்ப மடியில் போட்டுக்கொண்டார். என் கையை விடவில்லை. மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. உக்காரு," என்றார். உட்கார்ந்தே இருந்தேன். அழைப்பில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. தாடையில் சீழ் கட்டி, சற்று முன்புதான் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டேன். அந்த மாலையில் அதுதான் என் பெரிய கவலை; லுசுங்கு கைப்பேசியை எடுக்காததைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஹராவா அவர் பிறந்த குலம். நியா என்பது பெண்ணுக்கு நாங்கள் முன்னால் வைக்கும் மரியாதை. சொந்தப் பெயர் என்னவென்று சம்பளப் பட்டியல் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கலாம். மலைச்சரிவில் இருக்கும் எங்கள் சுகாதார நிலையத்தில் இருபத்தெட்டு வருடமாக ஊசி அறைச் செவிலி. ஒல்லியான உயரம். விரல் கணுக்கள் மட்டும் பெரியவை. நடந்துபோனால் ஸ்பிரிட் வாசனை முதலில் வரும், அவர் பிறகு வருவார்.

அறைச் சுவரை ஒட்டி நீலப் பலகை பெஞ்சு ஒன்று கிடக்கிறது. பென்சிலின் வகை ஊசி போட்டவர் யாராக இருந்தாலும் அதில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். கிராமத் தலைவரும் உட்கார்ந்திருக்கிறார், பாதிரியாரும் உட்கார்ந்திருக்கிறார். நியாஹராவா எதிரில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். உதட்டைப் பார்ப்பார், கண்ணிமையைப் பார்ப்பார், உள்ளங்கை சிவக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு, "பேரச் சொல்லு," என்பார். முழுப் பெயர், குலப்பெயரோடு. தொண்டை வீங்கத் தொடங்கினால் குரல்தான் முதலில் கரகரக்கும் என்பது அவர் கணக்கு. அதைக் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டால் பாதிதான் கேட்கும் என்பார்.

ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு பெயரைக் கேட்கும் பெண்பிள்ளை எதற்குக் கேட்கிறாள், யாரிடம் கொண்டுபோய்ச் சொல்கிறாள் என்று கிசுகிசுப்பார்கள். பிள்ளைகள் அதைச் சாவு பெஞ்சு என்பார்கள். ஒரு தடவை சோள அரவை ஆலைக்காரர் கேட்டேவிட்டார். "ஊசியப் போட்டுட்டு எதிர்ல உக்காந்து பாக்குறீங்களே, நான் எப்ப சாவேன்னா?"

"ஆமா. நீ செத்தா நான்தானே பதில் சொல்லணும். நான் பாக்காதப்ப சாகாத."

அறைக்குள்ளே ஒரு தட்டில், மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சடைத்தால் போடும் அட்ரினலின் குப்பி, ஊசி, தொடையில் குத்தவேண்டிய அளவு எழுதிய அட்டை எல்லாம் எப்போதும் இருக்கும். காலையில் வந்ததும் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பழுப்பு தட்டியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுவார். அது இல்லாத நாளில் பென்சிலின் குப்பியைத் திறக்க மாட்டார். நோயாளி கெஞ்சினாலும் திறக்க மாட்டார், மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி முறைத்தாலும் திறக்க மாட்டார்.

பயந்தவர் என்று நினைக்கக் கூடாது. பொய்யான பயத்தை அவர் அனுமதிப்பதில்லை. ஒருவர் வந்து, "எனக்கு அந்த ஊசி ஆகாதும்மா. போன தடவ போட்டு வயிறு போச்சு," என்றார்.

"அரிச்சுதா? தடிச்சுதா? உதடு வீங்குச்சா? மூச்சு இழுத்துச்சா?"

"அதெல்லாம் இல்ல. வயிறுதான்."

"அன்னிக்கு என்ன சாப்ட?"

"கல்யாணச் சாப்பாடு."

"அப்ப கல்யாணம்தான் உனக்கு ஆகல. மருந்து ஆகும். கைய நீட்டு."

ஆகாது என்று வெறுமனே எழுதிவைத்தால், நாளைக்கு உயிர் போகிற நேரத்தில் நல்ல மருந்தின் கதவு அடைபட்டுவிடும் என்பார். உண்மையிலேயே ஆகாதவர்களுக்கு, அவரவர் வீட்டில் வைத்திருக்கும் வைத்தியப் புத்தகத்தின் அட்டையில் சிவப்பு மையால் மருந்தின் பெயரையும், என்ன ஆயிற்று என்பதையும், எத்தனை நிமிடத்தில் ஆயிற்று என்பதையும் எழுதுவார். புத்தகம் தீர்ந்து புதிது வாங்கினால் அவரிடம் காட்டாமல் போகக் கூடாது. பழையதிலிருந்து தானே பார்த்து எழுதுவார்.

இன்னொன்று. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவர் தோலோடுதான் தின்பார். பல வருடங்களுக்கு முன்பு சல்பா மாத்திரை ஒத்துக்கொள்ளாத ஒருவரைக் குளிப்பாட்டியிருக்கிறார். வாயெல்லாம் புண், கண் சிவப்பு, உடம்பெல்லாம் கொப்புளம். அதற்கப்புறமும் மூன்று நாள் மாத்திரையை விடாமல் தின்றிருக்கிறார் அந்த மனிதர். போர்வையை எடுத்தபோது முதுகுத் தோல் அதோடு வந்தது. அதிலிருந்து நியாஹராவா எதையும் கையால் உரிப்பதில்லை. மாத்திரை கொடுக்கும்போதெல்லாம், "வாய் புண்ணாச்சுன்னா அடுத்த மாத்திரயத் தொடாத. ஓடியா," என்று மட்டும் சொல்வார். குரல் அப்போது தாழ்ந்துவிடும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். எங்கள் வழக்கத்தில் இரட்டையர்களுக்கு எதையும் பிரித்துச் செய்யக் கூடாது. ஒருத்திக்குச் சட்டை தைத்தால் மற்றவளுக்கும் தைக்க வேண்டும். ஒருத்திக்கு மருந்து கொடுத்தால் மற்றவளுக்கும் ஒரு வாய் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து பாதி உடம்பைத்தான் சேரும். ஆறு வயதில் எனக்குத் தொண்டைப் புண் வந்து, பென்சிலின் வகையான அமாக்சிசிலின் கொடுத்தபோது, அம்மா லுசுங்குவுக்கும் தினம் ஒரு கரண்டி ஊற்றினாள். முதல் நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் அவளுடைய உதடு தடித்து, உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாய் எழும்பியது. தானாக அடங்கியும் விட்டது. அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. லுசுங்கு நோயாளி இல்லையே, என்னவென்று போய்ச் சொல்வது.

ஒரு மாதம் கழித்து வேறு பேச்சில் இது வெளியே வந்தபோது நியாஹராவா திட்டவில்லை. வழக்கத்தை விடு என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் குளுக்கோஸ் பொடியைச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டு வந்தார். "இனிமே இவளுக்கு மருந்து குடுக்கறப்ப அவளுக்கு இது. அவளோட மருந்து இதுதான். இவ மருந்து அவ நாக்குல பட்டுச்சுன்னா உன்னைச் சும்மா விட மாட்டேன்." லுசுங்குவின் புத்தக அட்டையில் சிவப்பு மை ஏறியது. அதிலிருந்து ஊரில் எந்த இரட்டையருக்கு மருந்து கொடுத்தாலும் இரண்டு பொட்டலம்தான்.

நான் கல்லூரிக்குப் போய்த் திரும்பி ஆசிரியையான பிறகு அந்தப் பொட்டலத்தை வாங்குவதை நிறுத்தினேன். "நாங்க பெரிய பொம்பளைங்க நியாஹராவா," என்று சிரித்தேன். லுசுங்கு ஏரிக்கரையில் கல்யாணம் செய்துகொண்டு போயிருந்தாள். பொட்டலத்தை மினிபஸ்ஸில் கொடுத்தனுப்புவது எனக்கு வெட்கமாக இருந்தது. நியாஹராவா அதை மடித்து மேசை ஓரத்தில் வைப்பார். நான் எடுக்காமல் வருவேன்.

அந்தத் திங்கட்கிழமை, மூன்று நாள் கேப்சூல் தின்றும் தாடை வற்றாமல், ஊசிக்குப் போனேன். மருந்தைக் கலக்கிக்கொண்டே எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"மத்தவளுக்குச் சொன்னியா?"

"நேத்து ராத்திரி பேசினேன்."

"என்ன சொன்ன?"

"பல்லு வலின்னேன். கேப்சூல் கேக்கலன்னேன்."

"பேரு சொன்னியா? கேப்சூல் பேரு?"

அமாக்சிசிலின் என்று சொல்லியிருந்தேன். அவள் கேட்டாள், நான் சொன்னேன். நிறத்தைக்கூடக் கேட்டாள். சிவப்பும் மஞ்சளும் என்றேன்.

குப்பி அவர் கையில் அப்படியே நின்றது. "கூப்பிடு அவள," என்றார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவள் புருஷன் ஜெஸ்டன் படகில் இருப்பான், அவனும் எடுக்கவில்லை. நியாஹராவா ஏரிக்கரையில் தனக்குத் தெரிந்த சுகாதாரப் பணியாளர் ஒருவரை அழைத்தார். "சைக்கிள எடு. ஜெஸ்டன் வீட்டுக்குப் போ. அவ எந்த மாத்திரயும் முழுங்கக் கூடாதுன்னு சொல்லு. முழுங்கியிருந்தா படுக்க வை, கால உயர்த்தி வை, உன் பெட்டியில இருக்கிற அட்ரினலின தொடையில போடு, வண்டி பிடி." பிறகு எனக்கு ஊசி போட்டார். "உனக்கு இது ஆகும், மூணு நாளா தின்னிருக்க. ஆனா உக்காரு," என்றார். நான் பெஞ்சுக்குப் போனேன். அவர் வாளியைக் கவிழ்த்தார்.

நாலு பத்துக்கு வந்த அழைப்பு அந்தச் சைக்கிள்காரருடையது. மீன் காயப்போடும் மேடைக்குக் கீழே லுசுங்கு கிடந்திருக்கிறாள்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அவர் இரண்டு தடவை என் பெயரைக் கேட்டார். முதல் தடவை, "தவோங்கா லுஹங்கா," என்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லு," என்றார். சொன்னேன். இருட்டில் எங்கள் இருவரில் பேசுவது யார் என்று அம்மாவுக்கே தெரியாது. அவர் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். யார் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு இப்போது தெரியும்.

அரை மணி முடிந்ததும் என் கையை விட்டார். இரட்டையரில் மிஞ்சியவளிடம் செத்துவிட்டாள் என்று சொல்லக் கூடாது. மிஞ்சியவள் அழவும் கூடாது. அழுதால் போனவள் திரும்பிப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். நியாஹராவா சொன்னார்: "உன் தங்கச்சி உப்பு வாங்கப் போயிட்டா." பிறகு, செவிலியாக, "ரெண்டு கேப்சூல் முழுங்கியிருக்கா. இருபது நிமிஷம்," என்றார்.

மூன்றாம் நாள் அவர் ஏரிக்கரைக்கு வந்தார். சாவு வீட்டில் களி கிண்டும் பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கேப்சூல் விற்ற கடைக்குப் போனார். நானும் போனேன். கடைக்காரர் முதலிலேயே அழுதுவிட்டார்.

"தனக்கு நோய் இல்லன்னா. அக்காவுக்காகன்னு சொன்னா. நான் என்ன கேக்கறது அம்மா?"

"நோய் இல்லாதவ வாங்கறப்பதான் கேக்கணும். இதுக்கு முன்னாடி இது உனக்கு ஒத்துக்காம போச்சான்னு. ஒரே கேள்வி. சொல்லு பாப்போம்."

அவர் சொன்னார். நியாஹராவா ஆறு தடவை சொல்ல வைத்தார், அவர் வாய் தடுமாறாமல் வரும்வரை. சிறுபிள்ளையில் தின்றது கரண்டி மருந்து, இது கேப்சூல், வேறு என்று லுசுங்கு நினைத்திருக்கலாம். அவளுடைய புத்தகம் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் இருந்தது, அட்டையில் சிவப்பு மை மங்காமல். நோய் இல்லாத அன்று யார் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள்.

அடக்கத்தன்று உறவுகள் எல்லோருக்கும் தலை மழித்தார்கள். எனக்கு மழிக்கவில்லை. மிஞ்சிய இரட்டைக்கு அன்று மழித்தால் மயிரோடு அவளும் குழிக்குப் போவாள் என்பார்கள். ரத்த உறவு இல்லாத ஒருவர் பிறகு செய்ய வேண்டும். பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை, நியாஹராவா என்னை ஊசி அறைக்குப் பின்னால் வரச் சொன்னார். சோப்பு நுரையும் புது பிளேடும் வைத்திருந்தார். வலது காதுக்கு மேலிருந்து தொடங்கினார். கை லேசாக இருந்தது. மழித்த இடத்தில் காற்று பட்டது.

உச்சி வரை வந்திருப்பார். அப்போது முன்பக்கம் ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள், நெஞ்சுச் சளிக் காய்ச்சல். அவர் பிளேடைச் சோப்பின் மேல் வைத்தார், கை கழுவினார், கேட்க வேண்டியதைக் கேட்டார், ஊசி போட்டார், வாளியைக் கவிழ்த்து எதிரில் உட்கார்ந்தார். நான் சுவர் மூலையில் நின்று பார்த்தேன். அந்தப் பெண் இரண்டாம் தடவை பெயரைச் சொன்னபோது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நியாஹராவா கண்ணைத் திறந்துவிட்டார். அவளைத் தரையில் கிடத்திக் காலைத் தூக்கி வைத்து, தட்டிலிருந்ததை எடுத்துத் தொடையில் குத்தியபோதுதான், அவளுடைய கீழுதடு உப்புவது என் கண்ணில் பட்டது. ஆம்புலன்ஸில் அவரும் ஏறிக்கொண்டார். மாவட்ட ஆஸ்பத்திரிவரை அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனாளாம்.

பெண் பிழைத்துவிட்டாள். நியாஹராவா அவள் கூடவே அங்கே தங்கியிருக்கிறார். நான் தலையில் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறேன். இன்று செவ்வாய்க்கிழமை. இடது பக்கம் இன்னும் மழிக்கவில்லை.