குடலிறக்கமும் மச்சானும்

முதலில் அது வலிக்கவே இல்லை. மாலைப் பயிற்சி முடிந்து குளிக்கும்போது, இடது அடிவயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில், எலுமிச்சங்காய் அளவு வீக்கம் கையில் தட்டுப்பட்டது. படுத்ததும் உள்ளே போய்விட்டது. அன்றைக்கே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். இதே வீக்கத்தோடு இதைப் படிப்பவர்கள் என்னைப்போல் காத்திருக்க வேண்டாம்.

நான் காத்திருந்ததற்குக் காரணம் என் மனைவி பாக்கியத்தின் தம்பி செல்லையா. எங்கள் இருவருக்கும் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன் ஒரு தடவை, மாலையில் வேலை விட்டபின் ஒரு தடவை, விறகுக் கொட்டகையில் எடை தூக்குவோம். கண்டியில் நடக்கவிருந்த போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். அவனைப் பழக்கியவன் நான். அந்த மாதம் அவன் என்னைவிடப் பத்து இறாத்தல் கூடுதலாகத் தலைக்கு மேல் நிறுத்தினான். வீக்கத்தைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு நான் இன்னும் ஆறு வாரம் தூக்கினேன்.

ஒரு நாள் காலையில் அது உள்ளே போகவில்லை. வாந்தி வந்தது. தோட்டத்து லொறியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் அழுத்திப் பார்த்தார்.

"எத்தினை நாளா இருக்கு?"

"ரெண்டு நாளுங்க."

அவர் நம்பவில்லை. குடலிறக்கம் (வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியே குடல் வெளியே பிதுங்குவது) என்றார். பிதுங்கிய குடல் அங்கேயே இறுகிவிட்டதால் உடனே அறுத்தார்கள்.

தையல் பிரித்த அன்று அவர் சொன்னார்: "உமக்கு அந்த இடம் பிறவியிலேயே பலமில்லை. ஒளிச்சு வைச்சுத் தூக்கினபடியாத்தான் இவ்வளவு மோசமாப்போச்சு. இனிப் பாரம் தூக்கேலாது, விளங்குதோ?"

லயத்து வரிசை வீட்டில், எங்கள் காம்பிரா அறைக்குள் படுத்துக் கிடந்தேன். இருமினால் தழும்பைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் கொட்டகையில் இரும்பு விழும் சத்தம் கேட்கும். பாக்கியம் எனக்குக் கஞ்சி வைத்துவிட்டுத் தம்பிக்கு முட்டை அவித்தாள். முன்பெல்லாம் எனக்கு அவித்த முட்டை அது.

ஒரு மாலை செல்லையா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், இது பாரம் தூக்குறதாலயா வருது? டாக்டர் என்னா சொன்னாரு?"

"தூக்குற எல்லாருக்கும் வருமாம். இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு."

"எனக்குமா?"

"உனக்குந்தான்."

மறுநாள் சத்தம் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அறுவைக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கியது அந்த வாரம்தான்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது பாக்கியமும் வந்தாள். டாக்டரிடம் அவளாகவே கேட்டாள்: "என் தம்பியும் தூக்குறவனுங்க. பயந்து நிப்பாட்டிட்டான். அவனுக்கும் வருமுங்களா?"

"ஏன் வரவேணும்? இவருக்குப் பிறவிக் குறை எண்டு இவரிட்டையே சொன்னனே."

பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். லயத்துக்கு வந்ததும் சொன்னாள்: "அவன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அவன் மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். கையிலிருந்த சட்டையைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்தபிறகு கேட்டான்.

"பொறாமையா மச்சான்?"

"ஆமா."

"நேரா சொல்லியிருந்தா, போட்டிக்கே போகாம உங்களோட இருந்திருப்பேன்."

அன்று மாலையே மறுபடி தூக்கத் தொடங்கினான். கண்டியில் நான்காவதாக வந்தான். விட்டுப்போன மூன்று வாரத்தைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. இப்போதும் மரியாதையாகத்தான் பேசுகிறான்; பக்கத்தில் வந்து உட்காருவதில்லை.

தழும்பு வெளுத்துவிட்டது. குளிர் கூடினால் அந்த இடம் மட்டும் இழுக்கும். முன்பு எனக்கு ஒரு நாள் என்பது இரண்டு பயிற்சிகள்தான்; இடையில் இருந்த நேரத்தை நான் கவனித்ததே இல்லை. இப்போது காலைக்கும் மாலைக்கும் நடுவில் எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. உடம்பு ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். செல்லையா சட்டையைக் கழற்றினால் நான் இன்னும் வேறு பக்கம்தான் பார்க்கிறேன்.