இடது கையைத் தூக்கச் சொன்னேன்

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் பழையபடி நடக்கத் தொடங்கியிருந்த நேரம். ஆடி மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. நான் கொடைக்கானலில் பி.எட். இரண்டாம் ஆண்டுக் கற்பித்தல் பயிற்சியில் இருந்தேன். நாயுடுபுரத்தில் ஓர் அறையில் தங்கி, தினமும் பஸ்ஸில் போய், மலைச்சரிவில் இருந்த ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்த வேண்டும். பழனி மலையில் எந்தச் சாலை எப்போது போட்டார்கள், எந்தத் தோட்டம் எப்போது கைமாறியது என்று தேடித் தேடிக் குறித்துவைப்பது என் பொழுதுபோக்கு. அந்த வியாழக்கிழமையை மட்டும் எங்கும் குறிக்கவில்லை. குறிக்காமலே நினைவிருக்கிறது.

நான் தாமதமாகப் படிக்க வந்தவன். வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு மருந்துக் கம்பெனி ஒன்றில் பல வருடம் அலைந்து, பிறகு வேலையை விட்டு, மனைவியின் சம்பளத்தை நம்பி பி.எட். சேர்ந்தேன். பி.எட். முடித்து, தகுதித் தேர்விலும் தேறினால்தான் ஆசிரியர் வேலையை நினைத்தாவது பார்க்கலாம். பயிற்சியில் சறுக்கினால் ஒரு வருடம் போய்விடும்.

நான் சறுக்கத்தான் செய்தேன். எங்கள் கல்லூரிப் பேராசிரியை முதல் முறை என் வகுப்பைப் பார்வையிட வந்தபோது, ஆண்டு ஆண்டாகச் சொல்லி ஒரு சொற்பொழிவே நடத்தினேன். பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் அவர் சொன்னார்: “நல்லா பேசுறீங்க சார். ஆனா கிளாஸ்ல நீங்க மட்டும்தான் இருந்தீங்க.” மாணவர் பங்கேற்பு என்ற இடத்தில் ‘குறைவு’ என்று எழுதினார். இன்னொரு முறை வருவார். அப்போதும் இப்படியே இருந்தால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு சேர்ந்து மறுபடி பயிற்சி.

அதற்குப் பிறகு கொஞ்சம் திருந்தினேன். பேச்சைக் குறைத்து, கேள்வி கேட்கத் தொடங்கினேன். அப்படித்தான் மூன்றாவது பெஞ்சில் இருந்த அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். திக்குவாய் கிடையாது, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் வைப்பாள். வாரக்கணக்கில் நான் கேட்டும் வாயே திறக்காதவள், தோட்டத் தொழிலாளர்கள் பற்றிய பாடம் வந்த அன்று தானாகக் கை தூக்கினாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுப் பெரியவர்கள் எப்படிப் போனார்கள், லயம் என்கிற ஒற்றை அறை வரிசை வீட்டில் எப்படி இருந்தார்கள், குடியுரிமை இல்லை என்று ஆனதும் எப்படிக் கப்பல் ஏறினார்கள் என்று சொன்னாள். கப்பலில் அம்மிக்கல்லை ஏற்றிவிட்டுக் குழவியை மறந்து வந்துவிட்டார்களாம். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். மணி அடித்தும் யாரும் எழவில்லை. என் பயிற்சிக் காலத்தில் நடந்த ஒரே நல்ல வகுப்பு அதுதான். நடத்தியது நானல்ல.

பேராசிரியை வியாழக்கிழமை மறுபடி வருகிறார் என்று தெரிந்தது. என் அறையில் தங்கியிருந்த கணக்குப் பாடப் பயிற்சியாளர் பழனிக்காரர். அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் குடும்பம். அவர்தான் வழி சொன்னார். “இதுக்கா அண்ணே ரோசனை? தெரிஞ்ச பய வலது கைய தூக்கணும், தெரியாத பய இடது கைய தூக்கணும். பின்னாடி உக்காந்திருக்கவுகளுக்கு ஊருபட்ட கை தெரியும். நீங்க வலது கையாப் பாத்துக் கேளுங்க. சோலி முடிஞ்சது.” வருடா வருடம் பயிற்சிக்குப் போகிறவர்கள் கைமாற்றி வைத்திருக்கும் தந்திரம் அது.

புதன்கிழமை ஒத்திகை பார்த்தேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒருவன் இரண்டு கையையும் தூக்கினான். பக்கத்தில் இருந்தவன், “ஏலே, ஒரு கைய எறக்குலே” என்றான். “எனக்குப் பாதி தெரியும்லே” என்றான் இவன். நானும் சிரித்தேன்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். நாளைக்கும் அதே தோட்டத் தொழிலாளர் பாடம்தான், அவள் ஆரம்பித்தால் முடிக்க நேரமாகும், என் பாடத்திட்டம் நடுவில் நின்றுவிடும் என்பதுதான் என் கவலை. “நாளைக்கு மட்டும் நீ இடது கையத் தூக்கும்மா. தெரிஞ்சாலும்” என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை வகுப்பு நான் நினைத்ததைவிடப் பிரமாதமாக நடந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் காடு மாதிரிக் கைகள். பேராசிரியை சிரித்த முகத்தோடு எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரே எழுந்து முன்னால் வந்தார். இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்று கேட்டார். எல்லாக் கையும் உயர்ந்தது. அவர் எந்தக் கை என்று பார்க்கவில்லை. மூன்றாவது பெஞ்சைக் காட்டினார்.

அவள் எழுந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள்.

நான் தலையை அசைத்திருந்தால் போதும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தெரியாதுங்க மேடம்” என்றாள்.

அவளுக்குத் தெரியும் என்பது அங்கே பேராசிரியையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் இரண்டு கையைத் தூக்கியவன், “மேடம், அவளுக்கு...” என்று எழுந்தான். நான் முறைத்ததும் உட்கார்ந்துவிட்டான். “பரவால்லம்மா, கை தூக்குனதே பெருசு” என்று பேராசிரியை அவளை உட்காரச் சொன்னார். வேறொருத்தி புத்தகத்தில் இருந்ததை மூன்று வரியில் ஒப்பித்தாள். மாணவர் பங்கேற்பு ‘மிக நன்று’ ஆனது.

சத்துணவு நேரத்தில் தட்டைக் கழுவிக்கொண்டு அவள் நேராக என்னிடம் வந்தாள். மேடம் நல்ல மார்க் போட்டார்களா என்று கேட்டாள். போட்டார்கள் என்றேன்.

“நான் சரியாத்தான செஞ்சேன் சார்? வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டேன்.”

“சரியாத்தாம்மா செஞ்ச” என்றேன். வாழ்க்கையில் நான் பேசியதிலேயே கேவலமான வாக்கியம் அது. பேராசிரியை அப்போது தலைமை ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார். உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசல் வரைக்கும் போகவும் செய்தேன். போய், மழை தூறுகிறது, பஸ் ஸ்டாப் வரைக்கும் குடை பிடித்து வரட்டுமா மேடம் என்று கேட்டேன். பிடித்துக்கொண்டும் போனேன்.

மற்ற பிள்ளைகள் அந்த விளையாட்டை மறுநாளே மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. எந்தக் கேள்விக்கும் இடது கைதான். அதெல்லாம் முடிந்துவிட்டது, எந்தக் கையானாலும் தூக்கு என்று சொல்லிப் பார்த்தேன். கை தூக்குவதையே விட்டுவிட்டாள். பயிற்சியின் கடைசி நாள், வகுப்பு முழுவதும் கேட்க, நான் செய்தது தப்பு என்று சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது கூச்சமாகிப் போனது. தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்துச் சிரித்தாள். நான் மலையிறங்கி வந்துவிட்டேன்.

தகுதித் தேர்வில் தேறி, இப்போது கீழே ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து “தெரியாது சார்” என்றால் உடனே அடுத்த பிள்ளையிடம் போக என்னால் முடிவதில்லை. உண்மையிலேயே தெரியாதா, இல்லை, பெரியவர் யாருக்காகவோ தெரிந்ததை விழுங்குகிறதா என்று அந்த முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.