நிலாவின் கறுப்பு, நிழல் அல்ல

போன வாரம் இதே பக்கத்தில் நிலாவைப் பற்றி அளந்திருந்தேன், நினைவிருக்கிறதா? அதில் தெரிகிற கறுப்புத் திட்டுகள் அங்குள்ள மலைகளின் நிழல் என்று. யாரைக் கேட்டு எழுதினேன்? யாரையும் கேட்கவில்லை...

திங்கட்கிழமை மாலை வாசலில் ஒருவர் வந்து நின்றார். பெயர் மாதையன். ஓசூரில் ஒரு ஃபவுண்டரியில் இரும்பை உருக்கி ஊற்றுகிற வேலை. ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

"எம் பொண்ணு கௌரி எட்டாவது படிக்கிறா சார். ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு நிலா சார்ட் வரைஞ்சா. கறுப்பா இருக்கறது எரிமலைக் கொழம்பு ஓடி ஆறின சமவெளின்னு லைப்ரரி புக்கு பாத்து எழுதினா. டீச்சர் உங்க பத்திரிகையக் காட்டி, தப்புன்னு கழட்டிட்டாங்க. புள்ள ரெண்டு நாளா சரியா சாப்பிடல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுத்தாளன் உடனே ஒப்புக்கொள்வானா? "நிழலாகவும் இருக்கலாம் இல்லையா..." என்று இழுத்தேன்.

"நிழல்னா நகரணும்ல சார்? அது வருஷம் பூரா ஒரே எடத்துல கெடக்குது."

பையிலிருந்து ஓர் இரும்புக் கட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். ஊற்றும்போது சிந்தி, தரைக் குழியில் உறைந்ததாம். அடியெல்லாம் மேடு பள்ளம். மேலே மட்டம்.

"கொழம்பு பள்ளத்தத் தேடிப் போயி ரொம்பும். அப்பறம் ஆறும். பன்னெண்டு வருஷமா பாக்கறேன். அங்கயும் அப்பிடித்தானே?"

அப்படித்தான். அவர் எதிரிலேயே அலமாரியிலிருந்து ஒரு வானியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும்பள்ளங்களில் எரிமலைக் குழம்பு நிரம்பி உறைந்த சமவெளிகள் அவை. இரும்பு அதிகம், அதனால் கறுப்பு. அந்தக் காலத்து வானியலாளர்கள் தண்ணீர் என்று நினைத்து 'கடல்' என்று பெயர் வைத்தார்களாம். அவர்களாவது பார்த்துவிட்டுத் தப்பு செய்தார்கள். நான் பார்க்காமலே செய்தேன்.

"டீச்சருக்கு லெட்டர் தருகிறேன்" என்றேன்.

"லெட்டர நம்ப மாட்டாங்க சார். அச்சுல வந்தாத்தான் நம்புவாங்க. சனிக்கிழம எக்ஸிபிஷன். உங்க பத்திரிகை வியாழக்கிழம வந்துடுதில்ல?"

"சரி, ஓரத்தில் சின்னதாக ஒரு திருத்தம்—"

"தப்ப மட்டும் பக்கம் பூராப் போட்டீங்களே?"

அவர் ஊருக்குப் போகிற தளி பஸ் போய்விடுமே என்று நினைவுபடுத்திப் பார்த்தேன்.

"போவட்டும் சார், அடுத்தது வரும்" என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் பேனாவை எடுக்கும்வரை மனிதர் அசையவில்லை. என் எழுத்துக்கு இத்தனை பிடிவாதமாக யாரும் காத்திருந்ததில்லை. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆகவே, இந்த வாரம் பக்கம் முழுக்கத் திருத்தம்தான்.

டீச்சர், கௌரி எழுதியதுதான் சரி. சார்ட்டை மறுபடி மாட்டிவிடுங்கள்... இதுவும் அச்சில் வந்ததுதான்!