முட்டைக்கு முன் ஒரு கரண்டி

1. பயமுறுத்தி அனுப்பிய வீடு

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஹோம்கெயார் வேலை பார்த்த எங்கள் தமிழ்ப் பெண்களில் நானும் ஒருத்தி. வீடு வீடாகப் போய், முடியாதவர்களுக்குச் சமைத்து, துணி தோய்த்து, குளிக்க உதவிவிட்டு வரும் வேலை. இப்போது அந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக மிஸ் எடித்தைப் பற்றி எழுதுகிறேன்.

சுப்பவைசர் மலர் அக்கா என்னைப் பயமுறுத்தித்தான் அங்கே அனுப்பினார்.

"அந்த மனிசி மூண்டு பேரைத் திருப்பி அனுப்பிப்போட்டா. சமையல் சரியில்லையாம். உம்மையும் திருப்பி அனுப்பினா என்னட்டை வேற வீடில்லை. பாத்து நடந்துகொள்ளும்."

என் கணவருக்கு ஃபாக்டரியில் லே-ஓஃப் கொடுத்து வீட்டில் நிறுத்தியிருந்த நேரம். அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் வேறு சம்பளம் இல்லை.

மிஸ் எடித்தின் வீடு வெக்ஸ்போர்ட்டில். அமெரிக்காவின் தெற்கே ஜோர்ஜியாவில் பிறந்து, கலியாணம் முடித்துக் கனடா வந்த கறுப்பினப் பெண்மணி; கலியாணமானாலும் அந்த ஊர் வழக்கப்படி 'மிஸ்'தான். அறுபதைத் தொடவில்லை. ஐஸில் வழுக்கி வலது கை முறிந்து, பிளாஸ்ரரில் இருந்தது. போதாக்குறைக்குத் தடிமனும் மூக்கடைப்பும் வேறு. அவர் பேசியது ஆங்கிலம்தான். எனக்கு விளங்கியபடி எங்கள் தமிழில் எழுதிவிடுகிறேன்.

"ஸ்வீற் பொட்டேட்டோ பை செய்வியோ?"

"சொல்லித் தந்தாச் செய்வன்."

"முந்தி வந்தவையும் உதைத்தான் சொன்னவை."

2. வெள்ளிக்கிழமை

பை என்பது மாவால் செய்த தட்டில் இனிப்பை நிரப்பிச் சுடும் பலகாரம். ஸ்வீற் பொட்டேட்டோ என்பது எங்கள் வத்தாளங்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்குதான். ஆனால் இது உள்ளே பூசணி நிறம். தோலோடு 'அவன்' அடுப்பில் சுட்டு, உரித்து மசித்தேன். அது போதாது, அரிதட்டில் தேய்த்து நாரையும் எடு என்றார். எடுத்தேன்.

கீழ்த்தட்டுக்கு, குளிர்ந்த பட்டரை மாவில் விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். பிட்டுக்கு மா குழைத்துப் பழகிய கை அது, தானாக ஓடியது. மிஸ் எடித் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"உனக்கு உது ஆர் பழக்கினது?"

"ஒருத்தருமில்லை. ராச்சாப்பாட்டுக்கு நாங்கள் இப்பிடித்தான் குழைக்கிறது."

அவர் முகம் கொஞ்சம் இளகியது.

கிழங்கோடு பட்டர், பிறவுண் சுகர், இனிப்பில்லாத ரின்பால், கறுவாப்பட்டை, சாதிக்காய் எல்லாம் சேர்த்தாயிற்று. பிறகு முட்டை எடுத்துவரச் சொன்னார்.

"அடிச்சுப் போட்டிட்டு ருசி பார். எனக்கு மூக்கடைப்பு, நாக்கில ஒண்டும் தெரியேல்லை. இண்டைக்கு உன்ர நாக்குத்தான்."

வெள்ளியில் எங்கள் வீட்டில் முட்டையும் வாயில் வைப்பதில்லை. வைத்ததுபோல நடித்திருக்கலாம். ஆனால் ருசி பார்க்காமல் பொய் சொன்னால், சாமி மன்னித்தாலும் பை மன்னிக்காது.

"மிஸ் எடித், வெள்ளிக்கிழமை நான் முட்டை தின்னிறேல்லை. சாமிக்கு."

"ருசி பாக்காமல் சமைக்கிற ஆளை நான் வைச்சிருக்கிறேல்லை."

போச்சு வேலை என்று ஏப்ரன் முடிச்சில் கை வைத்தேன்.

அவர் முட்டையையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடது கையால் முட்டைப் பெட்டியை மேசையின் அந்தத் தொங்கல் விளிம்புக்குத் தள்ளினார்.

"இன்னும் போடேல்லைத்தானே. இப்ப ருசி பார். முட்டை விழுந்தா ருசி கொஞ்சம் மங்கும், அதால இப்பவே தூக்கலா இருக்கட்டும்."

ஒரு கரண்டி வாயில் வைத்தேன். இனிப்பு நன்றாக இருந்தது, சாதிக்காய் மணத்தது.

"உப்புக் காணாது," என்றேன்.

"போடு. என்னைக் கேக்காதை."

காலமெல்லாம் ஒரே முறையில் செய்த பை. முதல் நாள் வந்த ஒருத்தியின் விரதத்துக்காக அந்த முறையை மாற்றினார். கேலி செய்யவில்லை, துருவிக் கேட்கவில்லை. எத்தனையோ வீடுகளில் வேலை செய்துவிட்டேன். அப்படிப்பட்ட மனதை அதிகம் காணவில்லை.

3. திங்கட்கிழமை

பை நல்ல நிறத்தில் வெந்து வந்தது. நான் தொடாமலே வீட்டுக்குப் போனேன். சனியும் ஞாயிறும் ரெலிபோன் அடித்தபோதெல்லாம் மலர் அக்காதான் என்று எடுக்கப் பயந்தேன்.

திங்கள் காலை பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், பை வெட்டாமல் முழுதாக இருந்தது.

"சரிவரேல்லையோ, மிஸ் எடித்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? செய்தவள் சாப்பிடாமல் நான் வெட்டுறதோ?"

மேசையில் இரண்டு தட்டு வைத்திருந்தார். முதல் துண்டு எனக்கு. நான் விழுங்கும்வரை அவர் தன் முள்ளுக்கரண்டியைத் தொடவில்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு.

பிள்ளைகளே, உங்களால் முடியாததை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேலை உண்மையாகத் தெரிந்த ஆள் அதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பார்.

கை சுகமான பிறகும் மிஸ் எடித் என்னையே தொடர்ந்து வரச் சொன்னார்; வேறு யாரையும் கேட்கவில்லை. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை பை செய்வது மட்டும் நின்றுபோனது. வியாழனுக்கு மாற்றிவிட்டார்.