பின்பக்கம் பார்த்து பஸ் ஓட்டுபவர்

எட்டு மணிக்கு முதலாம் வகுப்பின் பஸ் புறப்பட்டாக வேண்டும். குட்டிக் கதிரைகளை இரண்டிரண்டாகப் போட்டு, நடுவில் வழி விட்டு, இருபத்துமூன்று பிள்ளைகளையும் ஏற்றிய பிறகு பஸ்லா டீச்சர் முன்னால் போய் உட்காருகிறார். பெயின்ட் வாளியின் மூடிதான் ஸ்டேரிங். மற்றச் சாரதிகள் யாரும் செய்யாத ஒன்றை இவர் செய்வார். வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பயணிகளின் முகங்களைப் பார்த்தபடியே பஸ்ஸை ஓட்டுவார்.

கொண்டக்டர் வேலைக்குத் தினமும் ஒரு பிள்ளை. "இரத்தோட்ட, இரத்தோட்ட, ரிவஸ்டன்!" என்று கத்திவிட்டு எழுத்து அட்டைகளைப் பயணிகளிடம் கொடுக்கும். ஒவ்வொருவரும் தன் அட்டையின் ஒலியைச் சொல்ல வேண்டும். "ம… ர… ம்…" என்று பஸ் முதலில் மேட்டில் ஊரும். பிறகு வேகம் பிடிக்கும். ஒலிகள் நெருங்கி ஒட்டிக்கொள்ள, பஸ் முழுவதும் "மரம்!" என்று அலறும். யாராவது பிழையாகச் சொன்னால் மற்றவர்கள் கை தட்டுவார்கள். அதுதான் பெல். பஸ் நிற்கும், பிழை விட்டவர் இறங்கி, டீச்சரிடம் அந்த ஒலியைப் பழகிவிட்டு மறுபடியும் ஏறுவார்.

இந்த அலறலுக்கும் எனக்கும் நடுவில் ஓர் அரைச்சுவரும் ஒரு இரும்பு அலுமாரியும் மட்டுமே உண்டு. நான் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சை என் தலையில் பாறாங்கல்லாக உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் தினமும் ரிவஸ்டனுக்குப் பஸ் போகும். பஸ்லா டீச்சரை மனதுக்குள் நான் திட்டாத நாளில்லை. அதை ஒளிப்பதற்கில்லை.

ஆனால் மேலே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்தும் கீழே முஸ்லிம் கிராமத்திலிருந்தும் வரும் பிள்ளைகள், வருஷம் முடிவதற்குள் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு போவதையும் நான்தான் பார்த்தேன். ஒவ்வொரு ஒலிக்கும் உடம்பில் ஓர் இடம் வைத்திருக்கிறார் அவர். "மூக்கப் பொத்திட்டு 'ம்' சொல்லுங்க பாப்பம்" என்பார். சொல்ல வராது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். 'ப' சொல்லும்போது உதட்டின் முன் பிடித்த டிசுக் கடதாசித் துண்டு ஆட வேண்டும். 'க' சொல்லும்போது தொண்டைக்குள் எது அசைகிறது என்று தாடைக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

நாற்பத்தொரு வயது. பதினைந்து வருஷமாக முதலாம் வகுப்பைத் தவிர வேறு வகுப்பை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. கைப்பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். "பிள்ளைகள்ட மூஞ்சிக்குக் கிட்டப் போற வேல சேர், வாய் மணக்கணும்" என்று விளக்கம் சொல்வார். நடந்துகொண்டே பேசமாட்டார். நின்று, முழுதாகத் திரும்பி, நம் முகத்தைப் பார்த்த பிறகுதான் பதில் வரும். ஆசிரியர் அறையில் சுவரோரக் கதிரைதான் வேண்டும். எல்லோரும் ஒரு பகிடிக்குச் சிரித்து ஓயும் நேரத்தில் அவர் சிரிக்கத் தொடங்குவார். பெரிய இடத்துப் பிள்ளை, கொஞ்சம் மண்டைக்கனம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

சென்ற வருஷம் ஒக்டோபரில் ஒரு நாள் தகரக் கூரையில் பேய்மழை கொட்டியது. அப்படிப் பெய்தால் நாங்கள் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவோம், அல்லது வாயை மூடிக்கொண்டு உட்காருவோம். நான் கத்திக் களைத்து அலுமாரிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பஸ்லா டீச்சர் எப்போதும் போல மெல்லிய குரலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் காதில் கை வைத்து, "கேக்கல்ல டீச்சர்!" என்று கத்தினார்கள். மழையின் இரைச்சலே அவருக்கு எட்டவில்லை.

அன்று பாடசாலை விட்டதும், காது கேட்பதில்லையா என்று நேரே கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ரெண்டு வருசமா இப்பிடித்தான் சேர். எங்கட உம்மாக்கும் இதே வயசுலதான் தொடங்கின. கண்டில காதுக்கு மெஷின் தந்தாங்க. வகுப்புல அதப் போட்டா எல்லாச் சத்தமும் ஒண்டா வந்து மொய்க்கிது. வாயப் பாத்துத்தான் சமாளிக்கிறேன்."

"அப்ப பிள்ளைங்க பிழையா சொன்னா எப்புடி டீச்சர் தெரியும்?"

"வாயில தெரியாதத மத்தப் பிள்ளைகள் கை தட்டிக் காட்டிக் குடுக்கும். அதுக்குத்தான் சேர் பஸ்."

 இரண்டு வருஷமாக நான் திட்டிய இரைச்சல், ஒரு மனுஷி இருபத்துமூன்று பிள்ளைகளிடம் காதைக் கடன் வாங்கிய சத்தம். "யார்கிட்டயும் சொல்லிப்புடாதீங்க டீச்சர், வகுப்ப எடுத்துருவாங்க" என்று புத்தி சொன்னேன். நல்லதுதான் சொல்கிறேன் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் இரண்டாம் வகுப்பு தொடங்கி மூன்று வாரத்தில், அந்த வகுப்பு டீச்சர் புஷ்பவதி ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மேல்தோட்டத்துத் தர்ஷிகா. சென்ற வருஷ முன்னேற்ற அறிக்கையில், வாசிப்பு நன்று என்று பஸ்லா டீச்சர் கையொப்பம் வைத்த பிள்ளை. அவளுக்கு ஆறு எழுத்துக்கூட ஒழுங்காகத் தெரியாது.

விசாரித்தபோது அதே வகுப்பு றுஸ்திதான் விஷயத்தைச் சொன்னான். தர்ஷிகாவின் அம்மா சென்ற வருஷம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். அதன்பிறகு பஸ் நின்றால், இறங்க வேண்டி வந்தால், அவள் அழத் தொடங்கிவிடுவாள். பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு முடிவு எடுத்தார்கள்.

"அவ அழுவா டீச்சர். அதால அவட முறைக்கு நாங்க யாரும் தட்டல்ல."

எதைச் சொன்னாலும் பஸ் ஓடியது. தர்ஷிகா வாயை அசைத்தாள், டீச்சர் ஸ்டேரிங்கைத் திருப்பினார், இருபத்திரண்டு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மாதம். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ்லா டீச்சருக்கும் வரவில்லை. "அதுகள் ரஹ்மத்தா, இரக்கமா நடந்திருக்கு சேர். நான்தான் பொய்க்கு சைன் வெச்சிருக்கேன்" என்றார். அன்று அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு இடைவேளையும் தர்ஷிகாவுக்கு. இருவருக்கு மட்டும் ஒரு பஸ் ஓடியது. மூக்கைப் பொத்தினார்கள், டிசுவை ஊதினார்கள், தாடைக்குக் கீழே விரல் வைத்தார்கள். நான் பக்கத்து வாங்கில் தேநீரோடு உட்கார்ந்து, சரியென்றால் தலையை ஆட்டுவேன், பிழையென்றால் கையைத் தட்டுவேன். முதல் வாரம் அவள் அழுதாள். நான் தட்டத்தான் தட்டினேன். ஐந்தாம் வகுப்பில் எத்தனையோ பேரைப் பரீட்சையில் ஏற்றிவிட்டிருக்கிறேன். ஆனாலும் "ப… ட… ம்… படம்" என்று அந்தப் பிள்ளை தானாக ஒட்டிச் சொன்ன நாளில் எனக்கு வந்த சந்தோஷம் வேறு.

வருஷம் முடிய இரண்டு வாரம் இருந்தது. அடுத்த வருஷ வகுப்புப் பட்டியலில் முதலாம் வகுப்புக்குப் பஸ்லா டீச்சரின் பெயரையே பாடசாலை அதிபர் இத்ரூஸ் எழுதியிருந்தார். பஸ்லா டீச்சர் தர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு, என்னையும் வரச்சொல்லி, அதிபரின் அறைக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார். வேறு வேலை தாருங்கள், முதலாம் வகுப்பு வேண்டாம் என்றார்.

அதிபர் நல்ல மனிதர். ஆள் பற்றாக்குறையில் தவிப்பவரும்கூட. "உங்களப் போல ஒரு ஆள நான் எங்க போய்த் தேட? வாயப் பாத்தே எல்லாத்தையும் புடிச்சிருவீங்க. இவ்வளவு காலம் சமாளிச்சீங்கதானே. இத இப்பிடியே விடுங்க டீச்சர்" என்றார்.

நானும் போன வருஷம் இதைத்தான் சொன்னேன். அதனால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்லா டீச்சர் தர்ஷிகாவின் கையில் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தார். "இவ வாசிக்கட்டும் சேர். நான் அங்கால திரும்பி நிக்கிறேன். முடிஞ்ச ஒடன சரியா, பிழையா எண்டு சொல்றேன். சொல்லிட்டேன் எண்டா வகுப்ப எனக்கே தாங்க" என்றார். சொன்னபடியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தர்ஷிகா வாசித்தாள். மழைக்கு ஒதுங்கிய ஒரு கோழியும் அதன் குஞ்சுகளும், ஒன்பது வரி. விரல் வைத்து, நிறுத்தி, மூச்சு எடுத்து, ஓர் எழுத்தும் தவறாமல், உரத்த குரலில் வாசித்தாள். இந்தக் குரலுக்காகத்தானே டீச்சர் இத்தனை இடைவேளையும் பட்டினி கிடந்தார் என்று நினைத்துக்கொண்டேன். வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி, அவள் டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காத்துக்கொண்டு நின்றார். அதிபர் பேனையைக் கீழே வைத்தார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

தர்ஷிகா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு நடந்துபோய், டீச்சரின் அபாயாவின் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.